பிள்ளைகள் விரும்பியுண்ணும் இராவுணவு

நெல்லையும் மரக்கறியையும் விளைவித்து நாட்டுக்கு உணவளிப்பவர் கமக்காரர். ஆயினும் அவருடைய இல்லத்துப் பிள்ளைகளின் இராவுணவைக் கவனிப்போமாயின், பல நாள்களில் அது வெறுஞ்சோறும் சொதியுமாகவோ, கடையில் வாங்கிய பாணும் சம்பலுமாகவோ இருத்தலைக் காணலாம். நன்கு முற்றிய பூசணியும், இளம் பயிற்றங்காயும், மணி திரண்ட பயறும் சந்தைக்குச் செல்கின்றன. விலைபோகாத எச்சமே அடுப்படிக்கு வருகின்றது.

இதற்கு வறுமை மாத்திரம் காரணமன்று. பகல் முழுவதும் களை பிடுங்கியும் நீர் பாய்ச்சியும் களைத்துத் திரும்பும் தாய்க்கு, பல கறிகளை ஆக்குவதற்கு நேரமும் இல்லை. உடல் வலிமையும் இல்லை. ஆக்கிய கறியையும் பிள்ளை “வேண்டாம்” என்று ஒதுக்கிவிட்டால், மறுநாள் அதனை ஆக்கும் மனமும் குன்றிவிடுகின்றது. ஆகவே, வயலிலும் தோட்டத்திலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, குறைந்த நேரத்தில் ஆக்கத்தக்கனவும், பிள்ளைகள் விரும்பி உண்ணத்தக்கனவுமான நான்கு உணவு வகைகளை இத்துண்டுப் பிரசுரம் எடுத்துக் கூறுகின்றது.

1. இராவுணவைக் குறைவாக மதித்தலாகாது

மாலை ஏழு மணிக்கு உண்டு உறங்கும் பிள்ளை, மறுநாட் காலைவரை ஏறத்தாழ 11 அல்லது 12 மணித்தியாலம் வேறு உணவின்றி இருக்கின்றது. காலையில் வெறுந் தேநீரை மாத்திரம் அருந்திவிட்டுப் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளும் உளர். அத்தகைய பிள்ளைக்கு முதல்நாள் இரா உண்ட உணவே மறுநாட் பாடத்துக்கும் துணையாகின்றது.

பிள்ளையின் இரைப்பை சிறியது. வளர்ந்தோரைப்போல் மிகுந்த சோற்றை உண்டு தேவையை நிறைவுசெய்ய அதனால் இயலாது. எனவே, பிள்ளை உண்ணும் ஒவ்வொரு கவளத்திலும் சத்து நிறைந்திருத்தல் வேண்டும். சோற்றின் அளவைக் கூட்டுவதைவிட, சோற்றோடு சேரும் பொருளைக் கூட்டுவதே அறிவுடைமையாகும்.

2. சோற்றோடு சேரவேண்டிய மூன்று

பயறு, பச்சிலை அல்லது மஞ்சள் நிற மரக்கறி, சிறிதளவு எண்ணெய் அல்லது தேங்காய்ப்பால் என்னும் மூன்றும் சோற்றோடு சேருதல் வேண்டும்.

அரிசியின் எடையில் 100க்கு ஏறத்தாழ 7 பங்கே புரதம். பயற்றிலோ 100க்கு ஏறத்தாழ 24 பங்கு புரதம் உண்டு. 400 கிராம் அரிசியை மாத்திரம் ஆக்கினால் 28 கிராம் புரதம் கிடைக்கும். அதனுடன் 100 கிராம் பயற்றைச் சேர்த்தால் மேலும் 24 கிராம் கிடைத்து, மொத்தம் 52 கிராம் ஆகும். அரிசியின் காற்பங்கு எடையுள்ள பயற்றினால் புரதம் ஏறக்குறைய இரட்டிப்பாவதைக் காண்க. அன்றியும், அரிசிப் புரதத்தில் குறைவாயுள்ள லைசீன் என்னும் கூறு பயற்றில் மிகுதி. பயற்றில் குறைவாயுள்ள மெதியோனீன் என்னும் கூறு அரிசியில் உண்டு. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புதலால், இரண்டும் சேர்ந்தவிடத்துப் புரதத்தின் தரமும் உயர்கின்றது.

பச்சிலைகளிலும் பூசணி, கரட் முதலியவற்றிலும் உள்ள கரற்றீன் உடலில் விற்றமின் ஏ ஆக மாறிக் கண்ணையும் தோலையும் காக்கும். இப்பொருள் கொழுப்பிற் கரைவதாகையால், உணவில் எண்ணெய் சிறிதும் இல்லையெனின் உடல் அதனை நன்கு ஏற்றுக்கொள்ளாது. கீரையை வெறும் நீரில் அவித்துக் கொடுப்பதிலும், தேங்காய்ப்பூ அல்லது நல்லெண்ணெய் சேர்த்துக் கொடுத்தல் சிறந்தது என்பது இதனாற் பெறப்படும்.

3. ஓய்வு நாளிற் செய்து வைக்கவேண்டியவை

மாலை வேலையைக் குறைப்பதற்குப் பின்வருவனவற்றை முன்னரே ஆயத்தம் செய்து, ஈரமற்ற பேணிகளில் மூடி வைத்துக்கொள்க.

(அ) பயற்றை மணம் எழும்வரை இளஞ்சூட்டில் வறுத்து, திரிகையில் இட்டு உடைத்து, சுளகினாற் கோதைப் புடைத்து நீக்குக. இவ்வாறு உடைத்த பயறு ஊறவைக்காமலே விரைவில் அவியும்.

(ஆ) குரக்கனைக் கல் மண் நீங்கக் கழுவி உலர்த்தி, மாவாக்கி வைக்க. அரிசிமாவையும் வறுத்து அரித்து வைக்க.

(இ) நெத்தலிக் கருவாட்டின் தலையை நீக்கிக் கழுவி, வெயிலில் உலர்த்தி, வெறுஞ்சட்டியில் முறுக வறுத்து இடித்துத் தூளாக்குக. முள்ளோடு தூளாவதால் கல்சியமும் கிடைக்கும். பிள்ளையின் தொண்டையில் முள் சிக்கும் என்னும் அச்சமும் இல்லை.

4. உணவு வகைகள்

பெற்றார் இருவரும் பிள்ளைகள் இருவர் அல்லது மூவரும் உள்ள குடும்பத்துக்குரிய அளவுகள் கீழே தரப்படுகின்றன. ஒரு சுண்டு அரிசி ஏறத்தாழ 200 கிராம் எனக் கொள்க.

(அ) பூசணிப் பயற்றஞ்சோறு

அரிசி 2 சுண்டு, வறுத்துடைத்த பயறு அரைச் சுண்டு, தோல் நீக்கி நறுக்கிய பூசணி 250 கிராம், சின்ன வெங்காயம் 6, உள்ளி 3 பல்லு, சீரகம் 1 தேக்கரண்டி, நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி, மஞ்சளும் உப்பும் அளவாக.

புழுங்கலரிசியாயின் முன்னரே அரை மணித்தியாலம் ஊறவைக்க. பானையில் எண்ணெயைச் சூடாக்கிச் சீரகம், வெங்காயம், உள்ளி ஆகியவற்றை வதக்குக. அரிசி, பயறு, பூசணி, மஞ்சள் என்பவற்றை இட்டு, 8 சுண்டு நீர் விட்டு மூடி வேகவிடுக. பூசணி கரைந்து சோறு குழைந்ததும் உப்பிட்டு அகப்பையால் மசித்து இறக்குக. பூசணியின் இயல்பான இனிப்பினாலும் மஞ்சள் நிறத்தினாலும் சிறுபிள்ளைகள் இதனை மறுப்பதில்லை. ஓராண்டு நிறைந்த குழந்தைக்கும் நன்கு மசித்து ஊட்டலாம். ஒரே பானையில் ஆவதால் கழுவும் வேலையும் குறையும்.

(ஆ) முருங்கையிலைக் குரக்கன் பிட்டு

குரக்கன் மா ஒன்றரைச் சுண்டு, வறுத்த அரிசிமா ஒன்றரைச் சுண்டு, தேங்காய்ப்பூ 1 சுண்டு, காம்பு நீக்கி நறுக்கிய முருங்கையிலை இரண்டு கைப்பிடி, உப்பு அளவாக.

இருவகை மாவையும் கலந்து, உப்பிட்ட சுடுநீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசறுக. பேணியின் விளிம்பினாற் கொத்தி மணிமணியாக்கியபின், தேங்காய்ப்பூவையும் இலையையும் கலந்து நீற்றுப்பெட்டியில் இட்டு, ஆவி நன்கு மேலெழும்வரை அவிக்க. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உண்டு. எலும்பும் பல்லும் வளரும் பருவத்தினருக்கு இது மிகவும் ஏற்றது. முருங்கையிலைக்குப் பழகாத பிள்ளைக்கு முதன்முறை ஒரு கைப்பிடி இலையே போதும். வாழைப்பழத்தோடு பிசைந்து கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் மேலும் கேட்பர்.

(இ) முட்டை இடியப்பக் கொத்து

மாலையில் அவித்த இடியப்பம் 15, முட்டை 2, மெல்லிதாய் அரிந்த கரட் 1, பயிற்றங்காய் அல்லது கோவா ஒரு கைப்பிடி, வெங்காயம் 1, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, மிளகுதூளும் உப்பும் சிறிதளவு.

வெங்காயத்தையும் மரக்கறிகளையும் எண்ணெயில் வதக்கி, பாதி வெந்ததும் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுக. முட்டை நன்கு வெந்தபின் இடியப்பத்தை உதிர்த்துப் போட்டுக் கலந்து இறக்குக. கடைகளில் விற்கும் கொத்துரொட்டியில் விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு இது நல்ல மாற்றாகும். முட்டை இல்லாத நாளில், காலையில் ஊறவைத்து அவித்தெடுத்த கௌபி அரைச் சுண்டைச் சேர்க்கலாம்.

(ஈ) தக்காளிக் கீரைச் சொதி

நேரம் மிகவும் குறுகிய நாள்களில், ஆக்கிய சோற்றுக்கு இச்சொதியே போதும். நறுக்கிய தக்காளி 2, வெங்காயம், மஞ்சள், ஒரு கைப்பிடி கீரை என்பவற்றைச் சிறிது நீரில் அவிக்க. நெத்தலித் தூள் 2 மேசைக்கரண்டியும் தேங்காய்ப்பால் 1 சுண்டும் சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்குக. நெத்தலியில் உப்புண்டாதலால் சுவை பார்த்தே உப்பிடுக. தேசிப்புளியை அடுப்பிலிருந்து இறக்கி, சூடு சற்றுத் தணிந்தபின்னரே விடுதல் வேண்டும். கொதிக்கும்போது விட்டால் விற்றமின் சி அழிவதோடு சொதியும் கசக்கும். இவ்விற்றமின் கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதற்குத் துணைசெய்யும்.

5. பிள்ளை உண்ண மறுப்பின்

புதிய உணவொன்றை முதல்நாளிலேயே பிள்ளை ஏற்கவேண்டுமென எதிர்பார்த்தலாகாது. பலமுறை கண்டு, சிறிது சிறிதாகச் சுவைத்த பின்னரே நாக்குப் பழகும். மறுத்த உணவைச் சில நாள் கழித்து மீண்டும் ஒரு கவளமளவு கொடுத்துப் பார்க்க. அடித்தும் அச்சுறுத்தியும் ஊட்டுதல் அவ்வுணவின்மீது வெறுப்பையே வளர்க்கும்.

உறைப்பு மிகுதியே பல பிள்ளைகள் கறியை ஒதுக்குவதற்குக் காரணம். ஆகையால், மிளகாய்த்தூள் இடுமுன் பிள்ளைகளுக்குரிய பங்கை வேறாக எடுத்துவைக்க. மாலை ஐந்து மணிக்குப்பின் விசுக்கோத்தும் இனிப்பும் கொடுத்தால் இரவிற் பசி எடாது. உணவோடும் உணவு முடிந்தவுடனும் தேநீர் கொடுத்தலைத் தவிர்க்க. அது இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். கீரை ஆய்தல், இடியப்பம் உதிர்த்தல் போன்ற சிறுவேலைகளைப் பிள்ளைகளிடமே விடுக. தம் கையாற் செய்ததை உண்ண அவர்கள் விரும்புவர். தகப்பனும் உடனிருந்து அதே உணவை உண்பாராயின் பயன் மேலும் மிகும்.

6. வீட்டுக்கென ஒரு பாத்தி

கிணற்றடியில் வழிந்தோடும் நீர் பாயுமிடத்தில் கீரைப் பாத்தி ஒன்றை அமைக்க. முளைக்கீரையை விதைத்து 3 அல்லது 4 வாரங்களிற் பிடுங்கலாம். வாரம் ஒரு பகுதியாக விதைத்தால் ஆண்டின் பெரும்பகுதியிலும் கீரை கிடைக்கும். வேலியோரத்தில் இரு முருங்கைத் தடிகளை நாட்டுக. காம்போடு அறுத்த முற்றிய பூசணியைக் காயமின்றிக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் பல வாரம் கெடாதிருக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. சந்தைப் பயிருக்கு மருந்து தெளித்த நாளன்றே அப்பயிரிலிருந்து வீட்டுக் கறிக்குக் காய் பறித்தல் பிள்ளைகளுக்குப் பெருந்தீங்கு விளைக்கும். மருந்துப் போத்தலின் சுட்டுத்துண்டில் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாள்கள் குறிக்கப்பட்டிருக்கும். அந்நாள்கள் கழியுமுன் வீட்டுக்கும் பறித்தலாகாது, சந்தைக்கும் பறித்தலாகாது. வீட்டுப் பாத்திக்கு மருந்தே தெளியாதிருத்தல் நன்று. விதைக்கென மருந்து கலந்து வைத்த பயற்றையோ நெல்லையோ எக்காரணங்கொண்டும் உணவுக்கு எடுத்தலாகாது. அதனைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வேறாக வைக்க.

7. விற்குமுன் எடுத்துவைத்தல்

நாளொன்றுக்கு 100 கிராம் பயறு வீதம் ஒரு குடும்பத்துக்கு மாதம் 3 கிலோவும், ஆண்டுக்கு ஏறத்தாழ 36 கிலோவும் வேண்டும். ஓர் ஏக்கரில் 400 கிலோ பயறு எடுக்கும் கமக்காரருக்கு இது பதினொன்றில் ஒரு பங்கேயாகும். காலபோக நெல் அறுவடையின்பின் வயலில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே, ஏறத்தாழ 65 நாளில் விளையும் பயற்றைப் பெறலாம். நீர்ப்பாசன வசதியில்லாதோரும் இதனை மேற்கொள்ளலாம்.

விற்றுவிட்டுப் பின்னர் கடையில் வாங்கலாம் என எண்ணுவோர் சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 2022ஆம் ஆண்டில் நாட்டில் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டபோது உணவுப் பொருள்களின் விலை மிக உயர்ந்தது. பிற நாடுகளிலிருந்து வரும் மைசூர்ப் பருப்பு, பால்மா, கோதுமைமா என்பவற்றை வாங்குதல் பல குடும்பங்களுக்கு அரிதாயிற்று. தம் வீட்டிற் பயறும் குரக்கனும் வைத்திருந்தோர் அப்பொருள்களுக்காகக் கடையை எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, அடுத்த அறுவடையின்போது, வியாபாரி தராசைத் தூக்குமுன் பிள்ளைகளின் பங்கை அளந்து உள்ளே வைத்துவிடுக. நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத கலத்தில் வைத்தால் வண்டு தாக்காது. பயற்றுச் செய்கைக்கு ஏற்ற இனங்களையும் விதை பெறும் வழிகளையும் அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் நிறையை மாதந்தோறும் நிறுப்பித்து, வளர்ச்சிக் கோடு ஏறாதிருப்பின் காலந்தாழ்த்தாது குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுக.