ரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் மாற்றத்தின் போக்கைக் கண்டறியும் முறை

ஆய்வக அறிக்கையில் ஒவ்வோர் அளவின் அருகிலும் அச்சிடப்படும் இயல்பு எல்லை, பொதுவாக நலமுள்ளோரில் 95 விழுக்காட்டினரின் அளவுகள் அடங்கும் இடைவெளியே ஆகையால், ஒருவரது உடலில் தொடங்கிவிட்ட மாற்றம் அந்த எல்லையைத் தாண்டாமலே பல ஆண்டுகள் நடைபெறக்கூடும். அதைக் காண, பழைய அறிக்கைகளின் எண்கள் அனைத்தையும், தடித்த எழுத்தில் வந்தவற்றை மட்டுமன்றி, ஒரே தாளில் ஆண்டுவாரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

உண்மையான மாற்றத்தை அன்றாட ஏற்ற இறக்கத்திலிருந்து பிரிப்பதே பலரும் தடுமாறும் இடம். ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு ஒரே மனிதரிடம் நோய் எதுவுமின்றியே 20 விழுக்காடு அளவுக்கு மாறக்கூடியது. தசைகளில் உருவாகிச் சிறுநீரகத்தால் வெளியேற்றப்படும் கழிவான கிரியாட்டினினோ பெரிதும் நிலையானது. 40 வயதுப் பெண் ஒருவருக்கு 0.7 மில்லிகிராமாக இருந்த கிரியாட்டினின் மூன்றாண்டுகளில் 1.0 ஆனால், இரண்டும் இயல்பு எல்லைக்குள் இருப்பினும், இ.ஜி.எஃப்.ஆர். எனப்படும் சிறுநீரக வடிகட்டும் திறனின் மதிப்பீடு ஏறத்தாழ 110இலிருந்து 70ஐ ஒட்டி இறங்கியிருக்கும். ஆயினும் முந்தைய இரவு மிகுதியாக உண்ட இறைச்சியும், கடும் உடற்பயிற்சியும், நீரிழப்பும் கிரியாட்டினினை உயர்த்திக் காட்டும் என்பதால், அதே ஆய்வகத்தில், இவற்றைத் தவிர்த்து மறுபடி சோதிக்காமல் எந்த முடிவுக்கும் வருதல் கூடாது. உயர்வு நீடித்தால், சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கசிகிறதா என்று பார்ப்பது அடுத்த படி.

இனி, எண்களை இணைத்துப் படித்தல். இரும்புச்சத்து குறையும்போது உடலின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினே முதலில் இறங்க, சிவப்பணுக்களின் சராசரிப் பருமனான எம்.சி.வி.யும், எல்லோரும் முதலில் தேடும் ஹீமோகுளோபினும் பின்னரே குறைகின்றன; ஆகவே எம்.சி.வி. ஆண்டுதோறும் சரிந்து 80ஐ நெருங்கும்போதே ஃபெரிட்டினைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். சரிவே இன்றி, தொடக்கம் முதலே எம்.சி.வி. தாழ்ந்தும் சிவப்பணு எண்ணிக்கை மிகுந்தும் காணப்பட்டால், பெற்றோர் வழி வரும் தலசீமியாக் கூறு இருக்கக்கூடும்; அதை உறுதிசெய்யாமல் இரும்பு மாத்திரை விழுங்குவது தவறு.

ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, 5.7 முதல் 6.4 வரை இருப்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை எனக் கொள்ளப்படுகிறது. இரும்புக் குறைபாடு இந்த எண்ணைப் பொய்யாக உயர்த்தக்கூடும் என்பதால், உண்ணாநிலைச் சர்க்கரை 100க்குக் கீழேயே நிற்பவர், குறைபாட்டைச் சரிசெய்து மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சியை மீண்டும் பார்த்து, இரு எண்களோடும் மருத்துவரை அணுக வேண்டும்.