ராத்திரியில் அடிக்கடி ஒன்றுக்குப் போகிறீர்களா?

நம் தோட்டத்துப் பெரியவர்களிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், முட்டி வலி, முதுகு வலி எல்லாம் சொல்வார்கள். ராத்திரியில் மூன்று தடவை, நான்கு தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருப்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். வெட்கம் ஒரு பக்கம், ‘வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்ற நினைப்பு மறுபக்கம். தாய்மார்கள் கேட்கவே வேண்டாம். டாக்டர் ஆண் என்றால் வாயே திறப்பதில்லை.

அறுபது வயதுக்கு மேல் ஒரு தடவை எழுவது சாதாரணம். இரண்டு, மூன்று என்று ஏறும்போதுதான் கவனிக்க வேண்டும். தூக்கம் கெடுவதோடு போகிற விஷயமில்லை இது. பழைய லயங்களில் கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால், படி இறங்கிப் போகிற இடத்தில் இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில், இருட்டில், ஈரச் சிமெண்டில் கால் வைத்தால் என்ன ஆகும்? விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பாட்டிமார் பலர் அதற்குப் பிறகு பழையபடி நடக்கவே இல்லை.

ஏன் இப்படி வருகிறது? இளவயதில் ராத்திரி ஆனதும் மூளையிலிருந்து ஒரு சுரப்பு அதிகமாக வந்து, ‘இப்போது சிறுநீரைக் குறை’ என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். வயதானால் அந்தச் சுரப்பு குறைந்துவிடுகிறது. மூத்திரப்பையும் முன்போல் நிறையப் பிடித்து வைக்காது. இன்னொன்று, பகலெல்லாம் நின்றும், காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தும் இருந்தால் காலில் நீர் இறங்குகிறது. படுத்தவுடன் அது ரத்தத்தில் திரும்பி வந்து சிறுநீராக வெளியாகிறது. சாயங்காலம் கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் நீர் இருக்கிறது என்று அர்த்தம். பின்மத்தியானம் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் உயர்த்திப் படுத்தால், அந்த நீர் படுக்கப் போகுமுன்பே வெளியேறிவிடும்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். பலரும் தண்ணியைத்தான் குற்றம் சொல்கிறார்கள். எனக்குக் கேட்டால் முதல் குற்றவாளி உப்பு. உப்பு தாகத்தைக் கூட்டும், உடம்பில் நீரையும் பிடித்து வைக்கும். அதை இறக்க சிறுநீரகம் ராத்திரியிலும் வேலை செய்யும். ஜப்பானில் நாகசாக்கி மருத்துவர்கள் 2017ஆம் ஆண்டு ஒரு விவரம் வெளியிட்டார்கள். ஒரு நாளைக்கு 10.7 கிராம் உப்பு சாப்பிட்டவர்கள் அதை 8 கிராமாகக் குறைத்தபோது, ராத்திரி எழுவது சராசரி 2.3 தடவையிலிருந்து 1.4 தடவையாகக் குறைந்தது. உப்பைக் கூட்டியவர்களுக்கோ எழுவதும் கூடியது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி.

‘நான் என்ன உப்பையா அள்ளித் தின்கிறேன்?’ என்பீர்கள். கருவாடு, நெத்திலி, ஊறுகாய், அப்பளம், பெலாச்சான், கிச்சாப், மேகி மீ மசாலாத் தூள், இவையெல்லாம் என்ன? கருவாட்டை ஒரேயடியாக விடச் சொல்லவில்லை. சொன்னாலும் யார் கேட்கப் போகிறார்கள்! வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, மத்தியானச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் வேண்டாம்.

தண்ணியை நிறுத்தாதீர்கள். நம் வெயிலுக்குப் பகலில் குடிக்காமல் இருந்தால் மலச்சிக்கல், சிறுநீர்க்கல் எல்லாம் வரும். மலம் இறுகி நின்றால் அதுவே மூத்திரப்பையை அழுத்தும். அதனால் கீரை, காய்கறி, பப்பாளி தினமும் இருக்கட்டும். காலையிலும் மத்தியானமும் நன்றாகக் குடித்து, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் குறைத்துக்கொண்டால் போதும். ரசம், சொதி, கஞ்சி, தர்பூசணி எல்லாமே தண்ணிக் கணக்குத்தான். நல்லது என்று படுக்கும்போது ஒரு மக்கு பார்லித் தண்ணி குடிப்பவர்களும் இருக்கிறார்கள்! கோப்பி, தேத்தண்ணி நாலு மணிக்குப் பிறகு வேண்டாம். கள்ளும் சம்சுவும் சிறுநீரைக் கூட்டும், தடுமாறி விழவும் வைக்கும்.

சாப்பாட்டை மாற்றியும் குறையவில்லையா? மூன்று நாள் அளந்து பாருங்கள். அளவு தெரிந்த ஒரு பழைய மக்கில் பிடித்து, நேரத்தையும் அளவையும் பேரப்பிள்ளையை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் போவதை ராத்திரிக் கணக்கில் சேருங்கள். ஒரு நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் போனால், நீர்தான் அதிகம் ஊறுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி வந்தால் மூத்திரப்பையில் கோளாறு இருக்கலாம். ஆண்களுக்கு புரோஸ்டேட் வீக்கமாகவும் இருக்கலாம். இந்த நோட்டை டாக்டரிடம் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

பகலிலும் ராத்திரியிலும் நிறையப் போகிறது, தாகம் அடங்கவில்லை, உடம்பு இளைக்கிறது என்றால் இனிப்பு நீர் இருக்கிறதா என்று ரத்தம் பரிசோதிக்க வேண்டும். 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் இதைப் பார்க்கலாம். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள், அதை எந்த நேரத்தில் சாப்பிடுவது என்றும் அங்கே கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், கால் வீக்கத்தோடு மூச்சு வாங்குவது இருந்தால் நாள் கடத்தாமல் போங்கள். முட்டிக்கொண்டு வந்தும் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அதுவரை, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டார்ச்சு லைட்டும், மூடி போட்ட ஒரு வாளியும் வையுங்கள். மருமகள் என்ன நினைப்பாள் என்று கூச்சப்பட்டுப் படி இறங்க வேண்டாம்.