கையெழுத்துக்கு முன் ஓராண்டு

அன்புள்ள மருமகனுக்கு,

அஷ்தோத்திலிருந்து அத்தை எழுதுவது. உன் அப்பாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அடுத்த முறை எழுது.

இந்த வருடத்துக்குள் அலியா என்கிற குடியேற்றத்தை முடித்து இஸ்ரேல் குடிமகனாகிவிடப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். வராதே என்று சொல்ல எனக்கு மனமில்லை. உன் அப்பாவே வந்திருக்க வேண்டியவன். ஆனால் குடியுரிமையை வாங்கிக்கொண்டு வராதே. முதலில் அலெஃப் 1 விசாவில் வா.

உங்கள் ஊர் தானேயின் ஜெப ஆலயத்தில் இதைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1950இல் போட்ட திரும்பிவரும் உரிமைச் சட்டத்தை 1970இல் திருத்தினார்கள். அதன்பின் யூதரின் பிள்ளை, பேரப்பிள்ளை, அவர்களை மணந்தவர் எல்லாருக்கும் இங்கே குடியேறும் உரிமை உண்டு. அந்த உரிமை கையில் இருந்தும் இன்னும் முடிவெடுக்காதவர்கள் தங்கிப் பார்ப்பதற்காகக் கொடுப்பதுதான் அலெஃப் 1. வழக்கமாக ஓராண்டுக்குத் தருவார்கள், நீட்டித்துக்கொள்ளலாம். வேலைக்கும் போகலாம். பிறகு மனம் ஒப்பினால் இங்கிருந்தபடியே குடியுரிமைக்கு மாறலாம், ஒப்பாவிட்டால் விமானம் ஏறிவிடலாம்.

அமெரிக்காவிலிருந்து வருகிறவனுக்கு இந்த யோசனை அவ்வளவு முக்கியமில்லை. அவன் இரண்டு பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்வான். உனக்கு அப்படியில்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இங்கே குடிமகனாகிவிட்டால் அங்கே உன் குடியுரிமை போய்விடும், பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியர்களுக்கான ஓசிஐ அட்டை இருக்கிறதே என்பாய். இருக்கிறது, வாழ்நாள் முழுக்க விசா இல்லாமல் போய்வரலாம். ஆனால் ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அலிபாக்கில் சித்தப்பாவின் பங்கை விலைக்கு வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாயே, அதை நினைத்துக்கொள்.

அலெஃப் 1இல் இருக்கும்வரை உன் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கும் ஒரு விலை உண்டு. மாதாமாதம் புதுக் குடியேறிகளுக்குக் கொடுக்கும் உதவித்தொகை, ஸல் கிலீத்தா என்பார்கள், அது உனக்குக் கிடைக்காது. முதல் மாதங்களுக்கு மருத்துவக் காப்பீட்டைச் சொந்தக் காசில் எடுத்துக்கொண்டு வா. உல்பான் என்கிற மொழிப் பள்ளியில் ஹீப்ரு படிக்கப் பணம் கட்ட வேண்டி வந்தாலும் கட்டிப் படி. ஹீப்ரு இல்லாமல் இந்த ஊரில் மளிகைக்கடை வேலைகூடக் கிடைக்காது; உன் பொறியியல் பட்டத்தை யாரும் தலையில் வைத்துக் கொண்டாட மாட்டார்கள்.

இன்னொன்று. இதை உன்னிடம் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அத்தைதான் சொல்ல வேண்டும். உன் அம்மா நம் பெனே இஸ்ரேல் யூதச் சமூகத்தில் பிறந்தவள் இல்லை. அரசாங்கத்துக்கு அது ஒரு தடையே இல்லை. அப்பா யூதன், போதும். மதகுருக்களான ராபிமார்களின் கணக்கு வேறு. அங்கே தாய்வழிதான் செல்லும். இங்கே பதிவுத் திருமணம் என்று ஒன்று கிடையாது. யூதர்களின் கல்யாணம் ராபிமார்களின் அமைப்பான ராபினேட் கையில் இருக்கிறது. குடிமகனாக இருந்தும் அங்கே கல்யாணம் நடக்காமல் சைப்ரஸுக்குப் பறந்து போய்ப் பதிவு செய்துகொண்டு வருகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். வெளிநாட்டில் நடந்த திருமணத்தை உள்துறை பதிந்துகொள்ளும், அதனால் குடி மூழ்கிப் போய்விடாது. ஆனால் இங்கே வந்தபின் தெரிந்துகொண்டு மனம் உடைந்து உட்காராதே.

நம்மைப் பற்றிய இந்தச் சந்தேகம் புதிதும் அல்ல. அப்பா அம்மா இருவரும் பெனே இஸ்ரேலாகவே இருந்தும் நம் ஆட்களின் திருமணத்துக்குப் பரம்பரையை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் தோண்டிப் பார்க்கச் சொல்லி 1962இல் தலைமை ராபினேட் உத்தரவு போட்டது. நம்மவர்கள் ஜெருசலேமில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 1964இல் நாடாளுமன்றமே தலையிட்டு, இவர்கள் எல்லா வகையிலும் யூதர்கள்தான் என்று தீர்மானம் போட்ட பிறகே அந்த உத்தரவு மாறியது. அரசாங்கம் ஏற்பதும் ராபிகள் ஏற்பதும் இங்கே தனித்தனி விவகாரம் என்பதை எங்கள் தலைமுறைக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

உனக்குக் கல்யாணப் பேச்சு ஓடுகிறது என்று உன் அப்பா சொன்னான். அந்தப் பெண்ணையே கட்டுவதானால் குடியுரிமைக்கு முன்பே கட்டிவிடு. சேர்ந்து குடியேறுகிற மனைவிக்கும் அதே சட்டத்தில் உரிமை உண்டு. நீ குடிமகனான பிறகு கட்டினால் அவளுக்குச் சட்டத்தின் அந்த வாசல் மூடிவிடும். தற்காலிக அனுமதி, நேர்காணல், மறுபடி தற்காலிக அனுமதி என்று ஆண்டுக்கணக்கில் அலைய வைப்பார்கள். என்ன கறி சமைப்பாள், கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பாள் என்றெல்லாம் கேட்பார்களாம். நீ குடியுரிமைக்கு அவசரப்படாமல் இருக்க இது ஒன்றே போதுமான காரணம்.

இனி காகிதங்கள். பாதிப் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். தாத்தாவின் பெயர் ஜெப ஆலயப் பதிவேட்டில் ஆபிரகாம். பள்ளிச் சான்றிதழில் அபாஜி. ரேஷன் கார்டில் வேறு ஏதோ. கொங்கணக் கரையில் நம்மவர்கள் இப்படித்தான் சாமுவேலைச் சமாஜி ஆக்கிக்கொண்டார்கள், நமக்கு அது வேடிக்கை. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற குமாஸ்தாப் பெண்ணுக்கு அது வேடிக்கையில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திக்கொண்டே போவாள். முனை எங்கே நின்றதோ அங்கே உன் கோப்பும் நின்றுவிடும். ஆகவே தாத்தா பாட்டியின் கெதுபா என்கிற திருமண ஒப்பந்தம், அவர்கள் திருமணப் பதிவு, உன் அப்பா பிறந்த சான்றிதழ், உன்னுடையது, எல்லாவற்றையும் திரட்டு. பெயர் மாறியிருக்கும் இடத்துக்கு இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கு. கல்லறைக் கல்லையும் எழுத்து தெரியும்படி படம் எடுத்து வை. போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழை மட்டும் கடைசியில் வாங்கு, அது சீக்கிரம் காலாவதியாகும். அப்போஸ்டில் முத்திரை இல்லாத இந்தியச் சான்றிதழை இங்கே தொடக்கூட மாட்டார்கள்.

ஏதாவது ஒரு தாள் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே எழுது. காசு கொடுத்தால் கெதுபா தயார் செய்து தருகிறேன் என்கிற தரகன் உன்னிடமும் வருவான். பொய்த்தாளை நம்பிக் கிடைத்த குடியுரிமையைப் பல வருடம் கழித்துக்கூடப் பிடுங்க முடியும். அப்போது கையில் இந்தியாவும் இருக்காது.

மிசோரம், மணிப்பூரிலிருந்து வருகிற பினே மெனாஷே சமூகத்தாரைப் பார்த்தால் நம் பாடு எவ்வளவோ தேவலை என்று தோன்றும். அவர்களுக்குப் பேரன் என்ற உரிமை கிடையாது. அலெஃப் 5 என்ற வேறு தற்காலிக விசாவில் வந்து, முறைப்படி மதமாற்றச் சடங்கு முடித்த பிறகே குடியுரிமை. பல வருடம் காத்திருந்து வந்தவர்கள். உன்னிடம் இருப்பது அவர்களுக்குக் கிடைக்காத சௌகரியம்: பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லலாம்.

அதற்காக அந்த ஓராண்டை மூன்றாண்டாக இழுக்காதே. கட்டாய ராணுவ சேவை வயதைத் தாண்டிவிட்டாய், சரி. சைரன் ஒலித்தால் பதுங்கு அறைக்கு ஓடுவது எல்லா வயதுக்கும் உண்டு. அதையும் அந்த ஓராண்டில் பார்த்துக்கொள். அடுத்த சித்திரைக்குள் இருப்பேன் இல்லை போவேன் என்று ஒரு சொல் சொல்லிவிட வேண்டும், அதுவரை என் வீட்டு மாடி அறை உனக்குத்தான். வாடகை வேண்டாம், மின்சாரக் கட்டணத்தை மட்டும் நீ கட்டு.

முதல் வேலையாகத் தானே ஜெப ஆலயப் பதிவேட்டில் தாத்தாவின் திருமணப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. எழுத்துகளை நான் ஒரு தரம் பார்க்கிறேன். அதன்பின் மும்பையில் இருக்கிற இஸ்ரேல் துணைத் தூதரகத்தில் நேரம் கேட்டுக்கொள்ளலாம்.

உன் அத்தை