அப்டேட் செய்தபின் ஆபீஸ் மெயில் வரவில்லையா?

கேள்வி: அரியலூரில் சிமென்ட் ஆலையில் வேலை, வீடு பெரம்பலூரில். போனை அப்டேட் செய்ததிலிருந்து ஆபீஸ் மெயில் திறக்கவில்லை. பழைய மெயில்கள் அழிந்துவிட்டனவா?
– வாசகர், பெரம்பலூர்

பதில்: கவலைப்படாதீர்கள். ஆபீஸ் மெயில்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வரில்தான் இருக்கும். அப்டேட்டுக்குப் பின் மெயில் தடைபடுவது புதிதல்ல. 2017 செப்டம்பரில் ஐஓஎஸ் 11 வந்தபோது, ஐபோனின் மெயில் செயலியில் ஆபீஸ் 365, அவுட்லுக் கணக்குகளிலிருந்து மெயில் அனுப்ப முடியாமல் பலர் தவித்தார்கள். ஆப்பிள் ஒரே வாரத்தில் 11.0.1 வெளியிட்டுச் சரிசெய்தது.

முதலில் பிரவுசர் வழியாக மெயிலைத் திறந்து பாருங்கள். திறந்தால் கோளாறு போனில்தான். மெயில் செயலியையும் அப்டேட் செய்து, போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ஸ்கிரீன் லாக் கட்டாயம் என்பது பல நிறுவனங்களின் விதி. அது அணைந்திருந்தாலும் மெயில் வராது. அப்படியும் வரவில்லையென்றால் ஐடி பிரிவிடம் கேட்டுவிட்டு, கணக்கை நீக்கி மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். அனுப்பாத மெயில்கள் போனில் மட்டுமே இருக்கலாம். அவற்றை முன்பே நகலெடுத்து வையுங்கள்.

அவசரத்துக்கென்று ஆபீஸ் கோப்புகளைச் சொந்த மெயிலுக்கு மாற்றாதீர்கள். அப்டேட்டுக்குப் பயந்து அதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்கள் அதில்தான் வருகின்றன. ஷிஃப்ட் முடிந்தபின், விடுமுறைக்கு முந்தைய நாளில் செய்யுங்கள்.