நீத்தார் நினைவும் நீதி அறமும்



தானம், சீலம், பாவனை என்னும் மூன்றும் இல்லறத்தார்க்குரிய புண்ணியச் செயல்களாகப் பகவன் புத்தரால் அருளப்பெற்றவை. இவற்றுள் தானம் முதற்கண் வைக்கப்பெற்றது ஏன்? கையிலுள்ள பொருளை விடக் கற்றவனே மனத்திலுள்ள பற்றை விடக் கற்பான் என்பதனாலாம். அத்தானத்தின் ஒரு கூறாகிய, மறைந்தார் பெயரால் செய்யும் அறத்தை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. ஆராய வேண்டிய காரணம்

தம்மத்தை மேற்கொண்ட நாம் கருமாதி, திதி, பிண்டம் முதலிய சடங்குகளை விட்டொழித்தோம். விட்டது நன்றே. ஆயினும், சடங்கை விட்டவர்க்குத் துயரம் விட்டுப் போவதில்லை. தாயை இழந்தவன், “அவளுக்காக யான் யாது செய்வேன்?” என்று கேட்கின்றான். அக்கேள்விக்கு விடை கூறாவிடின், உறவினர் வந்து பழைய விடையையே கூறுவர். பதினாறாம் நாள் பந்தலும் பந்தியும் மீண்டும் வீட்டினுள் புகும்.

நாம் பெங்களூரில் ஆலைத்தறியில் பணிபுரிந்த காலத்தில் தொழிலாளி ஒருவர் இறப்பின், சம்பள நாளன்று ஆலை வாயிலில் துண்டு விரிப்பது வழக்கம். வெளிவரும் ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதை அதில் இடுவர். அத்துண்டில் விழுந்த காசு தூய காசு. ஆனால் அக்காசு விருந்துக்கும் மேளத்திற்கும் செலவாகி, அதன்மேல் வட்டிக்கடனும் ஏறி, ஆண்டிறுதியில் அவ்வீட்டுப் பிள்ளை பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றதைப் பன்முறை கண்டோம். இறந்தாரைப் போற்றுவதாக எண்ணி இருந்தாரை வருத்தியதே அதன் பயன். கொடுத்தவர் அன்பில் குறையில்லை. அன்பு சென்ற வழியே பிழை.

2. புத்தர் காட்டிய வழி

திரோகுட்ட சூத்திரத்தின் உரை ஒரு வரலாறு கூறும். மகத மன்னன் பிம்பிசாரன் இராசகிருகத்தில் புத்தருக்கும் சங்கத்தாருக்கும் உணவளித்தான். ஆனால் அப்புண்ணியத்தை மறைந்த சுற்றத்தாரை எண்ணி உரிமையாக்கினானில்லை. முற்பிறவிச் சுற்றத்தார் இரவில் ஓலமிட்டனர். மறுநாள் அவன் அவர்களை நினைந்து உணவும் உடையும் உறையுளும் ஈந்தபோது அவர்கள் மகிழ்ந்தனர் என்பது அவ்வரலாறு. அழுகையும் புலம்பலும் இறந்தார்க்கு உதவா. அவரை நினைந்து செய்யும் நற்செயலே உதவும் என்பது அச்சூத்திரத்தின் கருத்து.

“இறந்தார்க்கு நம் புண்ணியம் உண்மையில் சென்று சேருமோ?” என்று சிலர் ஐயுறுவர். ஜாணுசோணி என்னும் அந்தணன் இதே கேள்வியைப் பகவரிடம் கேட்டான். எல்லா நிலையினர்க்கும் அது சேராது. சேரத்தக்க நிலையில் இருப்பார்க்கே சேரும். எனினும் கொடுத்தவன் ஒருபோதும் பயனின்றிப் போவதில்லை என்பதே அவன் பெற்ற விடை. பகவர் பொய்யான ஆறுதல் கூறவில்லை. அறத்தின் வாயிலை அடைக்கவும் இல்லை. நம்முடைய தாய் எந்நிலையில் இருப்பினும், அவள் பெயரால் ஓர் ஏழைப்பிள்ளை படிக்குமாயின் அவ்வறம் வீண்போகாது.

3. முன்னோர் செய்து காட்டியவை

ஆந்திர நாட்டு அமராவதி மகாசேதியத்தில் ஒரு கல்வெட்டு உளது. விதிகர் என்னும் தோல்தொழிலாளர், தம் தாய், மனைவி, உடன்பிறந்தார், மக்கள், சுற்றத்தார் ஆகியோருடன் சேர்ந்து நிறைகுடம் செதுக்கிய கற்பலகை ஒன்றை ஈந்தமையை அது கூறுகின்றது. மன்னரும் வணிகரும் ஈந்த அதே இடத்தில், பின்னாளில் தீண்டத்தகாதது என்று இழிக்கப்பட்ட தொழிலைச் செய்த ஒருவர் தம் தொழிற்பெயரை மறையாமல் பொறித்து நின்றார். ஈகை செல்வர்க்கே உரியதென்று எண்ணும் நம்மவர் இக்கல்லை நினைவில் வைத்தல் வேண்டும்.

நம் காலத்திற்கு அணித்தான சான்றும் உண்டு. கர்னல் ஆல்காட் 1894-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில், பஞ்சமர் என்று அந்நாளில் ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகட்கு இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதனைத் தொடர்ந்து எழுந்த பள்ளிகளுள் ஒன்று, 1891-இல் மறைந்த பிளாவட்ஸ்கி அம்மையார் நினைவாகப் பெயர் பெற்றது. மற்றொன்று, 1885-இல் திபெத்து நோக்கிச் சென்று திரும்பி வாராத தாமோதரர் பெயரைத் தாங்கியது. பிறிதொன்று திருவள்ளுவர் பெயரால் வழங்கிற்று. ஆல்காட் 1907-இல் மறைந்தபின், அடையாற்றுப் பள்ளி அவர் பெயராலேயே நினைவுப் பள்ளியாக நூறாண்டைக் கடந்து நடைபெற்றது. தோழரை இழந்தவர்கள் கற்சிலையோடு அமையாமல், எழுத்தறிவு மறுக்கப்பட்ட சேரிகளில் எழுத்தை வைத்தார்கள். அதே ஆல்காட்டின் துணைகொண்டே 1898-இல் பண்டிதர் அயோத்திதாசர் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்று, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார் என்பதும், அதன் கிளை பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் தழைத்தது என்பதும் நாம் அறிந்தவையே.

கடல் கடந்தும் ஒரு சான்று காண்போம். 1893-இல் சிகாகோ சர்வசமய மகாசபையிலிருந்து திரும்பிய அநகாரிக தர்மபாலரை ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலுவில் மேரி ஃபாஸ்டர் அம்மையார் சந்தித்தார். 1930-இல் மறையும்வரை அவர் தம்மப் பணிக்குப் பெரும்பொருள் ஈந்தார். அவர் பொருளால் கொழும்பில் எழுந்த இலவச மருத்துவமனை, அவர் தந்தையாரின் நினைவாக ஃபாஸ்டர் ராபின்சன் என்னும் பெயர் பெற்றது. தந்தை வாழ்ந்தது ஹவாயில்; நோய் தீர்ந்தோர் இலங்கையர். நினைவறத்திற்குக் குலமும் நாடும் எல்லையாகா என்பது இதனால் விளங்கும்.

4. ஈகையும் நீதியும்

மணிமேகலை அமுதசுரபியால் பசித்தோர்க்கெல்லாம் உணவிட்டாள். அவ்வளவில் அவள் நிற்கவில்லை. அரசன் “வேண்டுவது யாது?” என வினவியபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி வேண்டினாள். உணவிட்டது ஈகை, சிறையை மாற்றியது நீதி. பசித்தவனுக்கு ஒருவேளைச் சோறு வேண்டும். அவனைப் பசியில் வைத்த நிலையும் மாறவேண்டும். முன்னதை மட்டும் செய்வோமாயின் ஏந்திய கை என்றும் ஏந்தியே நிற்கும்.

இதற்கு இன்றைய எடுத்துக்காட்டு ஒன்று கூறுவோம். மனிதர் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993-லும் 2013-லும் சட்டங்கள் இயற்றப்பட்டன. கோலார் தங்கவயலில் பிறந்த பெஜவாடா வில்சன், தம் குடும்பத்தையே பிணித்திருந்த அவ்விழிதொழிலை ஒழிக்கச் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்னும் இயக்கத்தைத் தோழர்களுடன் கட்டி, 2016-இல் மகசேசே விருது பெற்றார். 1993 முதல் கழிவுநீர்ச் சாக்கடையில் இறந்தோர் குடும்பங்கட்கு 10 லட்சம் ரூபாய் ஈடு வழங்குமாறு உச்சநீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் சாக்கடை இறப்புக்கான ஈட்டுத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. ஆணை உண்டு, ஆனால் கணவனை இழந்த பெண் அலுவலகந்தோறும் ஏறி இறங்கப் பேருந்துக் கட்டணம் யார் தருவர்? மனு எழுதுவோர் யார்? சான்றிதழ் பெறுவதற்கு உடன் செல்வோர் யார்? நாள்கூலியை விட்டு அவள் நிற்கும் நாளில் அடுப்பு எரிவது எங்ஙனம்? நம் தந்தையின் நினைவாக ஈயும் 500 ரூபாய் இவ்விடத்தில் சென்று சேருமாயின், அது சோறாகவும் ஆகும், நீதியாகவும் ஆகும்.

5. செய்யும் முறை

நல்லோர் ஈகைக்குப் பகவர் ஐந்து இலக்கணம் வகுத்தார்: நம்பிக்கையோடு ஈதல், மதிப்போடு ஈதல், காலமறிந்து ஈதல், தாராள மனத்தோடு ஈதல், தன்னையும் பிறரையும் துன்புறுத்தாது ஈதல். இவற்றை நினைவறத்திற்குப் பொருத்திக் காண்போம்.

கடன்பட்டு ஈதல் ஐந்தாம் இலக்கணத்திற்கு மாறானது. அது கருமாதிக் கடனின் மறுபிறப்பேயாம். பெறுபவரை மேடைக்கு அழைத்து நிறுத்திப் படம் எடுத்தல் இரண்டாம் இலக்கணத்திற்கு மாறானது. மறைந்தார் பெயரை அறிவிக்கலாம், பெற்றார் பெயரை அறிவித்தல் ஆகாது. பள்ளி திறக்கும் மாதத்தில் தரவேண்டிய கட்டணத்தை நினைவுநாள் வரும்வரை நிறுத்தி வைத்தல் மூன்றாம் இலக்கணத்திற்கு மாறானது.

தனித்து இயலாதார் கூடிச் செய்க. பத்து வீட்டார் மாதம் 100 ரூபாய் வீதம் சேர்ப்பின் ஆண்டுக்கு 12,000 ரூபாயாகும். எவர் வீட்டில் இறப்பு நேரினும், நினைவுநாள் வரினும், அவ்வாண்டுத் தொகையில் ஒரு பங்கு அவர் பெயரால் செல்லட்டும். வரவு செலவைப் பௌர்ணமிதோறும் யாவரும் கேட்கப் படித்தல் வேண்டும். வேறு அமைப்பிற்கு ஈவதாயின், அது பதிவு பெற்றதா, கணக்கு வெளியிடுகின்றதா என்று கேட்டு, இரசீது பெற்று ஈக. கேட்பது ஐயமன்று, பொறுப்பு.

ஈந்தபின் வீட்டார் யாவரும் அமர்ந்து, திசரணமும் பஞ்சசீலமும் ஏற்று, மறைந்தாரின் நற்குணங்களை ஒவ்வொருவராகக் கூறி, “இப்புண்ணியத்தில் அவரும் பங்குறுக, எல்லா உயிரும் பங்குறுக” என மனத்தால் உரிமையாக்குக. இதற்குப் புரோகிதர் வேண்டா. பெண்டிரும் சிறுவரும் இதனைச் செய்யலாம்.

பயிற்சி வினாக்கள்

1. ஜாணுசோணிக்குக் கிடைத்த விடை யாது? அது துயருற்றார்க்கு எவ்வாறு உதவும்?
2. மணிமேகலையின் இரு செயல்களுள் ஈகை எது? நீதி எது?
3. ஐந்து இலக்கணங்களுள் நம் சங்கத்தில் குறைவுபட்டிருப்பது எது? அதனை நிறைவு செய்யும் வழி யாது?

மூன்றாம் வினாவிற்கு வாயால் விடை கூறல் போதாது. வரும் பௌர்ணமிக்குள் ஒவ்வொரு வீட்டாரும் தம்மில் மறைந்த ஒருவர் பெயரை ஏட்டில் எழுதி, அப்பெயரால் எப்பிள்ளையின் கல்விக்கு, எக்குடும்பத்தின் வழக்கிற்கு உதவுவது என்பதைச் சங்கத்தாரோடு கலந்து முடிவு செய்தல் வேண்டும்.

யாவர்க்கும் மங்களம் உண்டாகுக!