பனியை உடைக்காதீர்கள், உருக்குங்கள்

எங்கள் வீட்டில் இருப்பது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். தஞ்சாவூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் காற்றெல்லாம் ஈரம்தான். கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஈரம் உள்ளே போய் ஃப்ரீசர் சுவரில் பனியாகப் படிகிறது. பனி தடித்தால் தகட்டின் குளிர்ச்சி பொருளுக்குச் சரியாகப் போய்ச்சேராது. கம்ப்ரசர் விடாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும், மீன் இறுகாது. அரை சென்டிமீட்டர் சேர்ந்தாலே உருக்கிவிடுவது நல்லது.

எப்போது செய்வது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். நாகப்பட்டினம், மல்லிப்பட்டினம் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஃப்ரீசரும் காலியாக இருக்கும். கத்திரி வெயிலில் பனியும் சீக்கிரம் உருகும். அடுத்த முறை புரட்டாசியில். பல வீடுகளில் அசைவம் கிடையாது. அடைமழைக்கு முன்பே வேலை முடிந்துவிடும்.

செய்யும் முறை:

• பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். எஞ்சிய பொருள்களைச் செய்தித்தாளில் சுற்றி, மூடியுள்ள பாத்திரத்தில் நெருக்கி அடுக்குங்கள்.

• கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, மடித்த துணியின் மேல் ஃப்ரீசருக்குள் வையுங்கள். ஆறியதும் மாற்றுங்கள். வெந்நீரைத் தகட்டின் மேல் கொட்டக் கூடாது.

• கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் வேண்டாம். அந்த மெல்லிய அலுமினியத் தகட்டுக்குள்தான் கேஸ் ஓடுகிறது. ஓட்டை விழுந்தால் பெரிய செலவு. புது ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஐசோபியூட்டேன் கேஸ் தீப்பற்றக்கூடியது.

• சமையல் சோடா கலந்த வெதுவெதுப்பான நீரில் துடைத்து, ஈரம் போகக் காயவிடுங்கள். மிச்சமிருக்கும் ஈரம் மறுபடியும் பனியாகும்.

• கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. மாற்றாவிட்டால் பனி படிவது நிற்காது.

• பின்பக்கத் தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் இடம் அது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது டெல்டா கிராமங்கள் பல நாள் மின்சாரம் இல்லாமல் தவித்தன. அதனால் மழைக்காலம் முழுக்க ஃப்ரீசரில் ஒரு தம்ளர் நீரை உறையவைத்து, மேலே ஒரு நாணயம் வைத்திருக்கிறேன். வெளியூர் போய்த் திரும்பும்போது நாணயம் அடியில் கிடந்தால், நாம் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். அப்படியிருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மீனானாலும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.