தூசி உறிஞ்சும் பொறிகளும் அவற்றைப் பேணும் முறையும்

மாவாலை, சர்க்கரை ஆலை, உலோகப் பட்டறை முதலிய இடங்களில் எழும் தூசியைக் குழாய் வழியே இழுத்துச் சென்று ஒரு கலத்திற் சேர்க்கும் பொறியைத் தொழிலாளர் 'வேக்குவம்' என்றே வழங்குவர். தமிழ் பயிலும் மாணவனுக்கு இதில் என்ன வேலையென்று நண்பர் சிலர் வினவக்கூடும். பெயரே பொருளை மறைக்குமிடத்துச் சொல்லாராய்ச்சி செய்வார்க்கும் சிறிது வேலை உண்டென்பதே யான் கூறும் விடை.

வேக்குவம் என்பது வெற்றிடம். வெற்றிடமோ எதனையும் இழுப்பதில்லை. பொறியிலுள்ள விசிறி குழாயினுள் காற்றின் அழுத்தத்தைக் குறைக்கின்றது. சதுர சென்டிமீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையளவாகப் புறத்தே அழுத்திநிற்கும் வளிமண்டலம் அக்குறையை நிரப்ப ஓடிவருகின்றது. வருங்கால் தூசியையும் உடன்கொணர்கின்றது. பதினேழாம் நூற்றாண்டில் ஜெர்மானியராகிய ஓட்டோ பான் கெரிக் என்பார் இரு செப்பு அரைக்கோளங்களைப் பொருத்தி, உள்ளிருந்த காற்றை நீக்கிக் குதிரைகளைப் பூட்டி இழுப்பித்தும் அவை எளிதிற் பிரியாமை காட்டியது இவ்வுண்மையைப் பற்றியதே. ஆகலின், நம் பொறியின் குழாயினுள்ளே இருப்பது வெறுமையன்று. காற்றும் தூசியும் கலந்த கலவை. இதனை மறவாது மேலே செல்வோம்.

விறகுக்கட்டை மெல்ல எரியும். அதனையே நுண்பொடியாக்கிக் காற்றிற் பரப்பினால் கண்ணிமைக்கும் பொழுதில் எரிந்துவிடும். எரிபொருள், காற்று, நெருப்பு என்னும் மூன்றும் கூடினால் தீ. அவற்றோடு பொடி காற்றில் மிதத்தலும், நாற்புறமும் அடைபட்டிருத்தலும் சேர்ந்தால் வெடி. 1785ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு டூரின் நகரத்து ரொட்டிக் கிடங்கொன்றில் மாவு வெடித்த செய்தி அக்காலத்திலேயே எழுதிவைக்கப்பட்டது. துடைப்பங்கொண்டு பெருக்கினாலும், அழுத்தக் காற்றால் ஊதினாலும், படிந்த தூசி மீண்டும் எழுந்து மிதக்கும். அதனாலேயே உறிஞ்சும் பொறி வேண்டப்படுவதாயிற்று. ஆயினும் அப்பொறியின் கலத்தினுள்ளே என்ன இருக்கின்றது? எரிபொருள் உண்டு, காற்று உண்டு, மிதத்தல் உண்டு, அடைப்பும் உண்டு. நெருப்பு ஒன்றே குறை.

சீன நாட்டு ஜியாங்சு மாகாணத்தைச் சேர்ந்த குன்ஷான் நகரில், மோட்டார் வண்டிகளின் அலுமினியக் கலவைச் சக்கரங்களைத் தேய்த்து மெருகிடும் தொழிற்சாலையொன்று இருந்தது. தேய்ப்போர் ஒவ்வொருவர் அருகிலும் தூசியை உறிஞ்சும் வாய்கள் அமைந்திருந்தன. 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் காலை 7 மணிக்குத் தொழிலாளர் வந்தனர். சற்று நேரத்தில் விசிறிகள் ஓடத்தொடங்கின. 7 மணி 34 நிமிடத்தில் முதலாம் எண்ணுள்ள தூசிக்கலம் வெடித்தது. வெடித்த அனல் வெளியேறுதற்கு அக்கலத்தில் வழி வைக்கப்படவில்லை. எனவே அது வந்த வழியே, குழாய்களினூடே திரும்பியது. உறிஞ்சுதற்கென்று வைத்த வாய்களே தொழிலாளர்மீது தீயை உமிழ்ந்தன. அங்கே படிந்துகிடந்த தூசியும் கிளர்ந்தெழுந்து அடுத்தடுத்து வெடித்தது. முப்பது நாளுக்குள் 97 பேர் இறந்தனர். பின்னர் மருத்துவமனைகளில் இறந்தோரையும் கூட்ட, 146 உயிர்கள்.

அன்று தீ எங்கிருந்து வந்தது? யாரும் கொளுத்தவில்லை. தூசி விழும் வாளி துருப்பிடித்து ஓட்டையாயிருந்தது. அதன்வழி ஈரம் புகுந்தது. உள்ளே தங்கியிருந்த அலுமினியப் பொடி நனைந்து தானே சூடேறியது என்பது அரசினர் விசாரணையிற் கண்ட முடிவு. அலுமினியமும் நீரும் கூடினால் ஹைட்ரஜன் என்னும் எரிவாயு பிறக்கும், வெப்பமும் பிறக்கும். குவியலின் நடுவிற் பிறந்த வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போகும். துருவும் வாளாவிருப்பதன்று; இரும்புத் துருவோடு அலுமினியம் சூடேறிக் கூடினால் இரும்பையே உருக்கும் அனல் உண்டாகும். தண்டவாளங்களை ஒட்டவைப்போர் கையாளும் முறை இதுவே. நம் மத்தாப்பில் வெள்ளொளி வீசுவதும் இவ்வலுமினியப் பொடிதான் என்பதை நினைந்தால், அவ்வாளியில் இருந்தது குப்பையன்று என்பது விளங்கும். ஒரு வாளியின் விலை யாது? மாற்றாது விட்டவரை எண்ணுந்தோறும் எனக்குச் சினமே மேலிடுகின்றது.

எனவே பொறியைத் தேர்வோர் அதன் வலிமையைக் கேட்குமுன் தூசியின் இயல்பைக் கேட்டல் வேண்டும். மாவு, சர்க்கரை, மரத்தூள் இவற்றுக்குத் துணிப்பை வடிகட்டி பொருந்தும். அலுமினியம், மக்னீசியம் இவற்றுக்கு நீரினுள்ளே தூசியை அமிழ்த்தும் பொறி நன்று. ஈரம் கேடென்று கூறியபின் நீரைப் புகழ்வது முரணாகத் தோன்றலாம். சிறிது ஈரம் வெப்பத்தைப் பிறப்பித்து அதனை அங்கேயே விட்டுவைக்கும்; நிறைந்த நீரோ வெப்பத்தைத் தான் ஏற்றுக்கொள்ளும். ஆயினும் அங்கும் ஹைட்ரஜன் பிறக்குமாதலின், விசிறி நின்றிருக்கும்போதும் அது மேலே போக வழி வேண்டும்; நீர் குறைந்தால் தேய்க்கும் வேலை தானே நின்றுவிடும் ஏற்பாடும் வேண்டும். இரும்பு தேய்க்கும் பட்டறைத் தூசியையும் அலுமினியத் தூசியையும் ஒரே கலத்திற் சேர்த்தல் கூடவே கூடாது. சிலிக்கா, கல்நார் போன்றவை வெடியா; நுரையீரலைக் கெடுப்பன. அவற்றுக்கு வேண்டுவது மிக நுண்ணிய வடிகட்டி.

வீட்டிற் புழங்கும் சிறு பொறியைப் பட்டறைக்குக் கொண்டுவருவோரும் உளர். அதன் மோட்டாரிலுள்ள கரித்தூரிகைகள் உராய்ந்து தீப்பொறி சிந்தும்; பிளாஸ்டிக் குழாயினூடே தூசி ஓடுகையில் மின்னேற்றம் பிறக்கும். இயந்திரத்துக்கும் நெருப்புத் துளிக்கும் 'பொறி' என்னும் ஒரே சொல்லை நம் மொழி வைத்திருப்பது இவ்விடத்து வியப்பையே தருகின்றது!

நிறுவுமிடத்து, தூசிக்கலம் கட்டடத்துக்குப் புறத்தே நிற்றல் வேண்டும். மெல்லிய தகட்டாலான வெடிவாயில் ஒன்று அதிலிருக்க, அவ்வாயில் நடைபாதையை நோக்காது வெட்டவெளியை நோக்குதல் வேண்டும். தீ திரும்பி வாராமல் குழாயை அடைக்கும் கதவு அமைதல் வேண்டும். விசிறி, தூசி நீங்கிய தூய காற்றின் பக்கத்தே இருத்தல் நலம். குழாய்கள் உலோகத்தால் ஆகி, துண்டுக்குத் துண்டு கம்பியால் இணைந்து, நிலத்தோடு மின்தொடர்பு பெற்றிருத்தல் வேண்டும். உலோகத் தூசிக் குழாயில் காற்று வினாடிக்கு ஏறத்தாழ 23 மீட்டர் வேகத்தில் ஓடினாலன்றித் தூசி வழியிலேயே படியும்.

பேணுதல் பற்றிச் சொல்லவேண்டுவன எளியவை, எளியவாதலாலேயே கைவிடப்படுவன. முறைவேலை முடியுந்தோறும் வாளியைக் காலிசெய்க. உலர்ந்திருக்கின்றதா, துரு அரித்ததா என்று கையாலும் கண்ணாலும் பார்க்க. தரையில் மட்டுமன்று, உத்தரங்களின்மேலும் விளக்குகளின்மேலும் படிந்ததை நீக்குக. பொறியின் புறத்தே ஒட்டிய எச்சரிக்கைகள் அதனை இயக்குவோர் படிக்கும் மொழியில் இல்லையேல், அவர் மொழியில் எழுதி ஒட்டுக. இப்பணிக்குத் தமிழ் மாணவரும் உதவலாம்.

அலுமினியத் தூசி எங்கேனும் கனன்று எரியக்கண்டால் முதலில் விசிறியை நிறுத்தி ஆட்களை விலக்குதல் வேண்டும். தண்ணீரைக் கொட்டலாகாது. உலர்ந்த மணலே தக்கது. அதனையும் வீசியெறியலாகாது, வீசினால் எரியாது கிடக்கும் பொடியும் எழுந்து மிதக்கும். சிறு தீயாயின், பழகியவர் நீண்ட காம்புடைய மண்வாரியால் மணலை ஓரத்திலிருந்து மெல்லச் சரித்து, எரியும் குவியலைச் சுற்றி வரம்பு கட்டி, பின்னர் மேலே மூடுவர். மூடியபின் அது முற்றும் ஆறுமளவும் கிளறார்.